நாற்பத்தொரு வள்ளங்களும் ஒரு முதுகும்

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த படத்தில் கடல் வளைந்திருந்தது. அடிவானம் இடப்பக்கம் தாழ்ந்து, நடுவில் உயர்ந்து, வலப்பக்கம் மறுபடியும் சரிந்து கிடந்தது. அந்தக் கரையில் உண்மையில் ஒரே ஒரு விளக்குக் கம்பம்தான் உண்டு. படத்தில் மூன்று நின்றன. ஒரு மனிதர் நான்கு இடங்களில் நின்றார். அவற்றுள் ஓரிடத்தில் அவருக்குக் கால்கள் இல்லை. இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நாற்பத்தொரு வள்ளங்கள் இருக்க வேண்டிய படத்தில் முப்பத்தேழு வள்ளங்களே இருந்தன. அதைப் பொறுக்க வழியில்லை, ஏனெனில் அந்தப் படம் அழகுக்காக எடுக்கப்பட்டதன்று.

தூத்துக்குடிக்குத் தெற்கே, அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கும் கத்தோலிக்க மீனவர் ஊர் அது. சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் சார்பில் நான் அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். கரையில் வள்ளங்களை ஏற்றி நிறுத்துவதற்குச் சிமெண்டுத் தளம் அமைக்க ஓர் அரசு அலுவலகத்திலிருந்து திட்டம் வந்திருந்தது. திட்டம் நல்ல திட்டம். வரைபடத்தில்தான் முப்பது வள்ளங்களுக்கு மட்டும் கட்டம் போட்டிருந்தார்கள். மீனவர் சங்கத் தலைவர் மனுவுக்கு மேல் மனு எழுதினார். கடைசியில் அந்த அலுவலகத்தின் அதிகாரி, "மனு போதும். எல்லா வள்ளமும் கரையில் நிற்கிற மாதிரி முழுக் கரையும் தெரிய ஒரே படம் கொண்டு வாங்க. படத்தில் எத்தனை இருக்கோ அத்தனை இடம்" என்று சொல்லிவிட்டார். பதினைந்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவரே கரைக்கு வந்து படத்தையும் கரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

மற்ற நாற்பது பேருக்கும் படம் தவறினால் காட்டுவதற்குப் பதிவுப் புத்தகம் இருந்தது. ஒரே ஒருவருக்கு மட்டும் இல்லை. வரிசையில் பதினேழாவதாக நிற்கும் வள்ளத்துக்குச் சொந்தக்காரி ஒரு பெண். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் பதிவு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றக் கொடுத்த காகிதங்கள் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்ணின் தம்பி வள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோனார். அந்த வருமானத்தில் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். அந்த வள்ளம் அங்கே நிற்கிறது என்பதற்கு இந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. முப்பத்தேழாகக் குறைந்த படத்தில் காணாமல் போன நான்கில் ஒன்று பதினேழாம் வள்ளம்.

படத்தை ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்க முடியும். அன்று அந்தக் கரையில் எவரும் கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசை முடிந்ததற்கும் மதியக் குழம்பு கொதிப்பதற்கும் இடையில் ஒரு மணி நேரம், நாற்பத்தொரு வள்ளங்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் ஒருசேரக் கரையில் இருப்பார்கள். நாசரேத் ஊரில் இருக்கும் என் அம்மா, சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அவங்க பூசைக்கும் நீ இல்ல, நம்ம ஆராதனைக்கும் நீ இல்ல. அப்ப எந்தக் கணக்குல உன்னச் சேக்க?" என்றார். மக்களின் வாழ்வாதாரம் பற்றி நான் நான்கு நிமிடம் விளக்கினேன். "சரி, தொப்பியாவது போட்டுக்க" என்றார்.

மீன் ஏலக்கூடத்தின் மொட்டைமாடியில் நின்றால் கரை அரைவட்டமாகத் தெரியும். அங்கிருந்து அலுவலகக் கேமராவால், ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் கொஞ்சம் வரும்படி, இடமிருந்து வலமாகப் பதினெட்டுப் படங்கள் எடுத்து, அவற்றை ஒரு மென்பொருளில் கொடுத்து ஒரே படமாகத் தைத்துவிட்டேன். அப்படித் தைத்த படத்தைத்தான் புதன்கிழமை ஏலக்கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன்.

முதலில் தலைவர் பார்த்தார்.

"ஏ பிள்ள, இந்தக் கரைக்கு இன்னொரு லைட்டுக் கம்பம் வேணும்னு ஏழு வருசமா மனுக் கொடுக்கேன். நீ ஒரே நாள்ல ரெண்டு நட்டுட்டியே!"

பின்னாலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்தார். "கடலப் பாருங்க அண்ணாச்சி. இப்படிக் கடல் இருந்தா வள்ளத்துக்கு எஞ்சின் எதுக்கு? தள்ளிவிட்டா தானா வழுக்கிட்டுப் போயிரும்."

நான்கு இடங்களில் நின்ற மனிதரும் அங்கே இருந்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு வள்ளம். வளைகுடாவில் வேலை பார்க்கும் மைத்துனருடைய வள்ளம் ஒன்றும் அவர் பொறுப்பில். படம் எடுக்கும்போது யாரும் அசையக் கூடாது என்று அறிவிக்கும்படி தலைவரிடம் நான் சொல்லியிருந்தேன். கோயில் ஒலிபெருக்கியில் அவர் அதைத் தம் மொழியில், "வள்ளத்துக்காரங்க எல்லாரும் அவங்கவங்க வள்ளத்துக்கிட்ட நில்லுங்க" என்று அறிவித்துவிட்டார். இவருக்கு அவரவர் வள்ளம் என்பது இரண்டு. கேமரா முதல் வள்ளத்தைக் கடந்ததும், தலைதெறிக்க ஓடி, கேமரா வந்து சேர்வதற்குள் இரண்டாவதன் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். வழியில் இரண்டு படங்களில் அகப்பட்டுக்கொண்டார்.

"வீட்டுல ஒரு நிமிசம் ஒரு எடத்துல இருக்க மாட்டாவ. படத்துலயாவது இருப்பாவளாக்கும்!" என்றார் அவருடைய மனைவி.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது பதினேழாம் வள்ளத்துக்காரப் பெண் வந்தார். திரையில் விரலை வைத்து இடமிருந்து எண்ணத் தொடங்கினார். பதினாறு வந்தது. அடுத்தது பதினெட்டு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"ஏளா, என் வள்ளம் எங்கன?"

நான் விளக்க முற்பட்டேன். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்றுபோல் உள்ள பொருள்களைத் தேடி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதே அந்த மென்பொருளின் வேலை. மாதா திருவிழாவுக்கு முன்பு ஊரே சேர்ந்து பெயின்ட் வாங்கி, எல்லா வள்ளங்களுக்கும் ஒரே நீலத்தை அடிப்பது அந்தக் கரையின் வழக்கம். யாருடைய வள்ளமும் இன்னொருவருடையதைவிடப் பளிச்சென்று இருக்கக் கூடாது என்பது ஊரின் முடிவு. அவ்வழக்கத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். மென்பொருள் அந்தப் பத்தியைப் படித்திருக்கவில்லை. பதினேழாம் வள்ளத்தின் நீல மூக்கையும் பதினெட்டாம் வள்ளத்தின் நீல மூக்கையும் கண்ட அது, இரண்டும் ஒரே வள்ளம் என்று முடிவுகட்டி, ஒன்றை மற்றொன்றின்மேல் ஏற்றி வைத்துவிட்டது.

"அப்ப கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியல" என்றார் அந்தப் பெண்.

"தெரியுதுக்கா. வித்தியாசம்தான் தெரியல."

"அதத்தாம்ளா நானும் சொல்லுதேன்."

தலைவர் உடனே ஒரு வழி சொன்னார். "தனித்தனிப் படத்துல விட்டுப்போன நாலு வள்ளமும் இருக்குல்லா? அதுகள வெட்டி எடுத்து, நடுவுல ஒட்டிப் போட்டுரு. யாருக்குத் தெரியப்போவுது?"

அது பத்து நிமிட வேலை. நான் மறுத்துவிட்டேன். ஒட்டிய வள்ளம் உண்மையான வள்ளம்தான். ஆனாலும் ஒட்டியது என்று அதிகாரி கண்டுபிடித்தால், ஒட்டாத முப்பத்தேழின் மீதும் ஐயம் விழும். கண்டுபிடிக்காவிட்டாலோ, அடுத்த ஊர்க்காரர்கள் இல்லாத வள்ளங்களை ஒட்டிக்கொண்டு வருவார்கள்; அதற்கு வழி காட்டியவர்கள் நாமாக இருப்போம். இந்தப் பின்விளைவுகளை நான் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். மூன்றாவது பின்விளைவின்போது தலைவர் தேநீர் வாங்கி வரச் சொன்னார். ஆறாவதில் அது வந்து சேர்ந்தது.

"சரி பிள்ள, ஒட்ட வேண்டாம். பேச்ச நிறுத்து. வாற ஞாயித்துக்கிழம மறுபடி எடு. ஆனா இந்த லைட்டுக் கம்பம் எப்படி மூணாச்சு, அதச் சொல்லு."

இதற்கு விடை சொன்னவர் நான்கு இடங்களில் நின்ற மனிதர். கேமராவை நான் எப்படிப் பிடித்தேன் என்று காட்டச் சொன்னார். கைகளை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் உடம்போடு திரும்பிக் காட்டினேன்.

"கடல்ல எடத்த அடையாளம் வைக்க எப்படிப் பாப்போம்? கோயில் கோபுரமும் பின்னால உள்ள புகைபோக்கியும் நேரா நிக்குதான்னு பாப்போம். வள்ளம் பத்தடி நகந்தாலும் கோபுரம் புகைபோக்கிய விட்டு விலகிரும். கோபுரமா நகந்துச்சு? நாமல்லா நகந்தோம்! நீ திரும்பையில ஒம் உடம்புதான் நின்ன எடத்துல நிக்கு. கேமரா வட்டமடிச்சுச் சுத்துது. பக்கத்துல உள்ள கம்பம் வெலகாம என்ன செய்யும்?"

இரண்டு மாலைகளாக நான் இணையத்தில் படித்தும் விளங்காத செய்தி இது. லென்ஸ் இருக்கும் புள்ளி அசையக் கூடாது; மற்றதெல்லாம் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். அவர் வலைக்குக் கட்டும் ஓர் ஈயக்குண்டை எடுத்து, தங்கூசி என்னும் நைலான் நரம்பில் கோத்து, கேமராவின் லென்ஸுக்கு நேர் கீழே தொங்கவிட்டார். மொட்டைமாடியில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார். "குண்டு புள்ளிய விட்டு வெலகாமச் சுத்து. அவ்வளவுதான்."

"இவ்வளவு தெரிஞ்சவரு எதுக்கு ஓடுனிய?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"மச்சான் வள்ளம் அநாதையா நிக்கப்பிடாதுல்லா?" என்றார்.

முதல் படத்தில் வானம் கோடுபோட்ட சட்டைபோல் பட்டை பட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைத்துக்கொண்டதுதான்; அதை ஒரே அளவில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். வளைந்த கடலை நிமிர்த்த, அடிவானத்தின் இரு முனைகளையும் மென்பொருளில் குறித்து, இது நேர்கோடு என்று அதற்கு அறிவித்தால் போதுமாயிருந்தது. எஞ்சியது நீலம். வள்ளங்களுக்கு மாற்று நிறம் அடிக்க முடியாது. மாதாவிடம் யார் பதில் சொல்வது? ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வள்ளத்தின் முன்முனையில், வேறு எவரும் கட்டாத ஒரு பொருளைக் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மென்பொருளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே.

இரண்டாம் ஞாயிறன்று பூசை முடிந்து நான் மாடியேறிப் பார்த்தபோது கரை ஜவுளிக்கடைபோல் இருந்தது. கல்யாணப் பட்டு, கட்டம் போட்ட கைலி, பூப்போட்ட போர்வை, குடை, கால்பந்துக் குழுவின் கொடி, பள்ளிச் சீருடை, ஒரு வள்ளத்தில் மூன்று பிளாஸ்டிக் குடங்கள். ஒருவர் கட்சிக்கொடி கட்டியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு எதிர்க்கட்சிக்காரரும் தம் கொடியை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். அரசு அலுவலகத்துக்குப் போகும் படத்தில் இது ஏற்படுத்தக்கூடிய விளைவுகளைத் தலைவரிடம் கவலையோடு எடுத்துச் சொன்னேன். அவர் மாடியிலிருந்தபடியே, "ஏலே, கொடிய எறக்கிட்டு ஒம் பொண்டாட்டி சேலையக் கட்டுலே! அவதான ஒன்ன ஆளுதா!" என்று சத்தம் போட்டார். பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு வள்ளத்துக்காரரிடம், ஒரே வள்ளத்தருகே நிற்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தோம். அவர் தம் சொந்த வள்ளத்தருகே நின்றார். அது ஒன்பதாவது, மைத்துனருடையது இருபத்தைந்தாவது. ஈயக்குண்டு சுண்ணாம்புப் புள்ளியை விட்டு விலகாமல் நான் மெல்லத் திரும்பி, எட்டாவது படத்தை எடுத்து முடித்திருப்பேன். கண்ணோரத்தில் ஏதோ வெள்ளையாக ஓடியது. மைத்துனர் முந்தின நாள் தொலைபேசியில் வள்ளத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார்; இவருக்கு மனம் கேட்கவில்லை, ஓடிவிட்டார்.

ஒன்பதாவது படத்துக்கு நான் பொத்தானை அழுத்திய நொடியில் கீழேயிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏலே, நில்லுலே! எடுபட்டவனே, நின்ன எடத்துல நில்லு!"

பதினேழாம் வள்ளத்துக்காரப் பெண்தான். தம்மைக் கடந்து மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தவரை அப்படியே உறைய வைத்துவிட்டார். இருபதாம் வள்ளத்துக்கும் இருபத்தொன்றாம் வள்ளத்துக்கும் நடுவில், வெறும் மணலில், வேட்டியைப் பிடித்தபடி அவர் நின்றார். நான் முடிக்கும் வரை அசையவே இல்லை. அந்த அதட்டலுக்குப் பிறகு அந்தக் கரையில் நாய்கூட அசைந்ததாக எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலை படத்தைத் தைத்தேன். மென்பொருள் பட்டுச்சேலையைப் பட்டுச்சேலையோடும் குடத்தைக் குடத்தோடும் பொருத்தியது. கடல் நேராக இருந்தது. கம்பம் ஒன்றாக இருந்தது. எண்ணினேன்: நாற்பத்தொன்று. மறுபடியும் எண்ணினேன். பிறகுதான் பதினேழாம் வள்ளத்தருகே இருந்த சிக்கல் கண்ணில் பட்டது.

ஒன்பதாவது படத்தில் அந்த வள்ளம் மூக்கிலிருந்து வால்வரை முழுமையாக இருந்தது. ஆனால் அவர் திரும்பி நின்று கத்திக்கொண்டிருந்ததால் முதுகு மட்டுமே தெரிந்தது. பத்தாவது படத்தில் அவர் நேராகத் திரும்பி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். ஆனால் வள்ளத்தின் முன்பாதி படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. தையல் கோட்டை எங்கே போடுவது என்பதை மட்டும் நான் முடிவு செய்யலாம். முதுகும் முழு வள்ளமும். அல்லது முகமும் பாதி வள்ளமும். கோட்டை நடுவில் போட்டுப் பார்த்தபோது அவருக்கு முகமும் முதுகும் ஒரே பக்கம் அமைந்தன.

ஒருவருடைய முகத்தை அவரைக் கேட்காமல் நீக்குவது முறையன்று என்று கருதி, மடிக்கணினியோடு அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தார். தனிமனித கண்ணியம், பெண்ணின் உரிமையைப் பொதுப் பதிவில் முகமாகக் காட்ட வேண்டிய தேவை ஆகியவை பற்றி நான் சொல்லத் தொடங்கினேன்.

"என் மூஞ்சியையா கடல்ல எறக்கப்போறேன்? வள்ளத்த வை ஏளா" என்றார். கத்தியை எடுத்தவர் மறுபடி நிறுத்தி, "அந்த இன்னொரு படத்துல நல்லா இருக்கேனோ?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறீர்கள் என்றேன். "அதத் தனியா ஒண்ணு எடுத்துத் தா" என்றார்.

நகரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் வேறோர் ஆபத்து காத்திருந்தது. இருபது அடி நீளமும் மூன்று அடி அகலமும் கொண்ட படத்தைக் கண்டு அந்த இளைஞர் முகம் சுளித்தார். "இது என்ன அளவுக்கா? ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டா அழகா நிக்கும். மேல வானம் சும்மாதான கெடக்கு, வருக வருகன்னு போட்டு, தலைவர் படத்த ரவுண்டாப் போட்டுருவமா?" இரண்டு ஓரங்களிலும் நான்கு குடும்பங்கள் இருப்பதாக விளக்கி, அச்சு முழுவதும் வெளியே வரும் வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். ஏலக்கூடத்தின் இரண்டு தூண்களுக்கிடையே ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தோம். பதினெட்டுப் படங்களை எப்படி இணைத்தேன், எங்கெங்கே தையல் கோடு செல்கிறது, எதையும் சேர்க்கவோ நீக்கவோ இல்லை என்பனவற்றை விவரித்து இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கவனமாக வாங்கிக்கொண்டார். திருப்பி, பின்பக்க வெற்றிடத்தில் வள்ளங்களுக்குக் கோடு போட்டு எண்ணத் தொடங்கினார்.

ஒவ்வொரு வள்ளத்துக்கும் படத்தில் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். நிமிர்ந்து கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடுவார். தலையாட்டிவிட்டு ஒரு கோடு போடுவார். இருபத்தைந்துக்கு மட்டும், மைத்துனர் அனுப்பியிருந்த பாஸ்போர்ட் நகலோடு இரண்டு வள்ளத்துக்காரர் தயாராக நின்றார். பதினாறு வரை தடையில்லை. பதினேழில் பென்சில் நின்றது.

"இதுக்கு உரிமையாளர் யாரு? லிஸ்டுல இருக்கிற பேரு இறந்துபோனவர் பேரால்லா இருக்கு?"

"நாந்தான் சார். அவுக வீட்டுக்காரி" என்றார் அந்தப் பெண், முன்னால் வந்து.

"படத்துல இருக்கிறது நீங்கதான்னு எப்படிம்மா தெரியும்? முகமே இல்லையே."

கண்ணியம் பற்றி அவ்வளவு பேசிய நான் இதை எண்ணிப் பார்க்கவே இல்லை. பத்தாவது படம் மடிக்கணினியில் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன் என்று நான் பையைத் திறப்பதற்குள், அந்தப் பெண் அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையை நீட்டி, கடலைப் பார்த்து முழுக் குரலில் கத்தினார்.

"ஏலே, நில்லுலே!"

கூட்டத்தின் ஓரத்தில், பாஸ்போர்ட் நகலும் கையுமாக நின்ற இரண்டு வள்ளத்துக்காரர் அனிச்சையாக விறைத்து நின்றார்.

அதிகாரி படத்திலிருந்த முதுகைப் பார்த்தார். எதிரே நின்ற முதுகைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு படத்தில் கொஞ்சம் வலப்பக்கம் போய், வெறும் மணலில் வேட்டியைப் பிடித்தபடி உறைந்து நின்ற உருவத்தையும், கூட்டத்தில் அதே மாதிரி உறைந்து நின்றவரையும் பார்த்தார்.

"அவர் யாரு, வள்ளமே இல்லாம நடுவுல நிக்காரு?"

"அவனுக்கு ரெண்டு வள்ளம் சார்" என்றார் தலைவர். "அதான் ரெண்டுக்கும் நடுவுல நிக்கான்."

அதிகாரி சிரிக்கவில்லை. பதினேழாவது கோட்டைப் போட்டார். நாற்பத்தொன்று வரை எண்ணி முடித்தார். கோப்பைத் திறந்து நின்றபடியே எழுதினார். பத்து நாளில் அதன் நகல் சங்கத்துக்கு வந்தது. நாற்பத்தொரு வள்ளங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பதினேழாம் எண்ணுக்கு எதிரே மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "உரிமையாளர் நேரில் ஒப்பிட்டு அடையாளம் காணப்பட்டார்."